மஞ்சள் பெல்லட்டில் ஏன் கரண்ட் போகல?

மீட்டர் 'ஓஎல்' என்று காட்டியது. ஓவர்லோட். அதாவது, "இதோட ரெசிஸ்டன்ஸை அளக்க என்னால் முடியாது, ஆளை விடு" என்று மல்டிமீட்டர் சொல்லும் பாஷை.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்டின் முதல் அளவீடு அது. மூன்று நாள் ஓவனில் வைத்து, கழுவி, காயவைத்து எடுத்த மஞ்சள் தூளை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி, 13 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மாத்திரை மாதிரி பெல்லட் போட்டிருந்தோம். இரண்டு பக்கமும் சில்வர் பேஸ்ட் தடவி மீட்டரை வைத்தால், ஓஎல். பேட்டரி மாற்றினோம். ஓஎல். பக்கத்து லேபில் இருந்து வேறு மீட்டர் வாங்கி வந்தோம். அதுவும் ஓஎல்.

"மேம், மீட்டர் சரியில்ல போல" என்று கைடிடம் போய் நின்றோம். அவர் சிரிக்கவில்லை. "மீட்டர் நல்லாத்தான் இருக்கு. நீங்க எந்தப் பிணைப்பைப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

முதல் ரிவ்யூவில் நாங்கள் போட்ட ஸ்லைடு இப்படி இருந்தது: "இந்தப் பொருள் முழுக்க பென்சீன் வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் உள்ளன, எனவே மின்சாரத்தைக் கடத்தும்." அந்த 'எனவே'தான் தப்பு. அது ஏன் தப்பு என்று புரிய எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. உங்களுக்கு இருபது நிமிஷத்தில் புரியட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

புள்ளிக்கோலம் மாதிரி ஒரு பொருள்

நாங்கள் செய்தது சிஓஎஃப் வகைப் பொருள். விரிவாகச் சொன்னால் கோவேலன்ட் ஆர்கானிக் ஃபிரேம்வொர்க். சின்னச் சின்ன ஆர்கானிக் மூலக்கூறுகளைச் சகப்பிணைப்பால் கோத்து, ஒழுங்கான வலை மாதிரி கட்டுவது. வாசலில் போடும் புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி இருக்கும் இடத்தில் மூன்று அல்லது நான்கு கை உள்ள ஒரு மூலக்கூறு. கோடு இருக்கும் இடத்தில் இரண்டு முனை உள்ள ஒரு மூலக்கூறு. கோட்டுக்கு நடுவில் உள்ள காலி இடம்தான் நுண்துளை. இப்படிப்பட்ட கோலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது, துளைகள் நேராகச் சேர்ந்து குழாய்கள் ஆகின்றன.

இந்த வகையின் முதல் இரண்டு பொருள்கள், சிஓஎஃப்-1, சிஓஎஃப்-5, 2005-ல் ஓமர் யாகியின் குழுவில் இருந்து வந்தன. (2025-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் அதே யாகிதான். அந்தப் பரிசு இதன் உறவுக்காரப் பொருளான உலோக-ஆர்கானிக் ஃபிரேம்வொர்க்குகளுக்காகக் கொடுத்தது.) சிஓஎஃப்-5-ல் துளையின் அகலம் 2.7 நானோமீட்டர். ஒரு கிராம் தூளின் உள்பரப்பு 1590 சதுர மீட்டர். அரை கிரவுண்டு வீட்டுக்காரர்கள் பொறாமைப்படலாம்.

எங்கள் பொருள் 2011-ல் சீனாவின் லான்ஜோ பல்கலைக்கழகத்தில் வெளிவந்த சிஓஎஃப்-எல்இசட்யு1. செய்முறை சுலபம். பென்சீன் வளையத்தின் 1, 3, 5 இடங்களில் மூன்று ஆல்டிஹைடு உள்ள ஒரு மூலக்கூறு. இரண்டு முனையிலும் அமீன் உள்ள பாரா-ஃபீனிலீன்டைஅமீன் இன்னொன்று. டையாக்சேனில் கரைத்து, கொஞ்சம் அசெட்டிக் அமிலம் விட்டு, குழாயை சீல் செய்து 120 டிகிரியில் வைத்தால், ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு 'இமைன்' என்ற கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பாக மாறும். எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் 4.7 டிகிரி பக்கம் பீக் வந்தது. கோலம் சரியாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஏன் கரண்ட் போகல?

எலக்ட்ரானுக்கு எவ்வளவு இடம்?

பிளஸ் டூவில் படித்ததைக் கொஞ்சம் தூசி தட்டுவோம். ஒற்றைப் பிணைப்பில் இருப்பது சிக்மா எலக்ட்ரான்கள். அவை இரண்டு அணுக்களுக்கு நடுவே கெட்டியாக உட்கார்ந்திருக்கும். இரட்டைப் பிணைப்பில் கூடுதலாக பை எலக்ட்ரான்கள் இருக்கும். அவை அணுக்களின் தளத்துக்கு மேலும் கீழும் பரவியிருக்கும். இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றை என்று மாறி மாறி வந்தால், பக்கத்துப் பக்கத்து பி-ஆர்பிட்டல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, பை எலக்ட்ரான் ஒரு பிணைப்பில் நிற்காமல் நீளமாகப் பரவும். இதுதான் கான்ஜுகேஷன்.

ஃபிசிக்ஸ் பேப்பரில் 'பெட்டிக்குள் துகள்' கணக்குப் போட்டோமே, அதை இங்கே பொருத்துங்கள். பெட்டி நீளமாக ஆக, ஆற்றல் மட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி குறையும். நிஜ மூலக்கூறுகளிலும் அப்படித்தான். ஒரே இரட்டைப் பிணைப்பு உள்ள எத்திலீன் 171 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும். இரண்டு உள்ள பியூட்டாடையீன் 217. மூன்று உள்ள ஹெக்சாட்ரையீன் 258. பதினொன்று வரிசையாக உள்ள பீட்டா-கரோட்டீன் 450. அந்தக் கடைசி எண் நீல நிற ஒளி. நீலத்தை உறிஞ்சிவிடுவதால்தான் கேரட் ஆரஞ்சாகத் தெரிகிறது.

1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். எத்திலீனுக்குச் சுமார் 7.3, கேரட்டுக்குச் சுமார் 2.8. ஆக, ஒரு பொருளின் நிறமே அதன் பேண்ட் கேப்பைப் பற்றி ஒரு தோராயமான தகவலைத் தருகிறது. எங்கள் தூள் மஞ்சள். அதாவது ஊதா, நீல ஒளியை மட்டுமே உறிஞ்சுகிறது. பை எலக்ட்ரான்கள் ரொம்ப தூரம் பரவவில்லை என்று தூளே எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் கேட்கவில்லை.

மூன்று பிணைப்புகள்

சிஓஎஃப்களில் புழங்கும் மூன்று பிணைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கையில் இருக்க வேண்டிய எண்கள் எலக்ட்ரோநெகட்டிவிட்டி: போரான் 2.04, கார்பன் 2.55, நைட்ரஜன் 3.04, ஆக்சிஜன் 3.44.

முதலாவது, போரான்–ஆக்சிஜன். யாகியின் முதல் சிஓஎஃப்களில் இருந்தது இதுதான். போரானிடம் ஒரு காலி பி-ஆர்பிட்டல் உண்டு. ஆக்சிஜனிடம் தனி ஜோடி எலக்ட்ரான் உண்டு. கொடுக்கல் வாங்கல் நடக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் 1.4. ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களை லேசில் விடாது. அதனால் ஒரு பென்சீன் வளையத்தில் இருந்து அடுத்த வளையத்துக்கு பை எலக்ட்ரான் போக இந்தப் பிணைப்பு கிட்டத்தட்ட ஒரு சுவர்.

இரண்டாவது, எங்கள் இமைன், அதாவது கார்பன்–நைட்ரஜன். வித்தியாசம் 0.49. இங்கே சுவர் இல்லை, ஆனால் வாசல் குறுகல். நைட்ரஜன் பக்கம் எலக்ட்ரான் கொஞ்சம் இழுபடும். இன்னொரு சிக்கல், வடிவம். இமைனின் மிகச் சிறிய மாதிரி பென்சிலிடீன்அனிலின்: ஒரு இமைன், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சீன் வளையம். அதன் படிகத்தில், கார்பன் பக்க வளையம் சுமார் 10 டிகிரிதான் திரும்பியிருக்கிறது. நைட்ரஜன் பக்க வளையமோ சுமார் 55 டிகிரி திரும்பி நிற்கிறது. பக்கத்து பி-ஆர்பிட்டல்களின் ஓவர்லேப் ஏறத்தாழ காஸ் தீட்டா அளவில் போகும். காஸ் 10 என்பது 0.98. காஸ் 55 என்பது 0.57. ஒரு பக்கம் நல்ல பாதை, மறுபக்கம் பாதி பாதை. சிஓஎஃப்பில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்துவதால் இந்தத் திருகல் குறையலாம். ஆனாலும் இமைன் கான்ஜுகேஷனை முழுசாக அறுக்காவிட்டாலும் பலவீனமாக்கும் என்பது உண்மை.

மூன்றாவது, கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு. இரண்டு பக்கமும் ஒரே அணு. வித்தியாசம் பூஜ்யம். யாரும் யாரையும் இழுப்பதில்லை. பை எலக்ட்ரானுக்கு இதைவிட நல்ல ரோடு ஆர்கானிக் உலகில் கிடைப்பது கஷ்டம்.

எந்த மூலையில் பிடிக்கிறோம்?

பிணைப்பு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. அது வளையத்தின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதும் முக்கியம். எங்கள் பொருளின் இரண்டாவது வில்லன் இங்கேதான் இருந்தான்.

நோட்டை எடுத்து ஒரு பென்சீன் வளையம் வரையுங்கள். 1, 4 இடங்களில், அதாவது பாராவில், இரண்டு கைகளை வரையுங்கள். இப்போது அம்புக்குறி போட்டு எலக்ட்ரானை ஒரு கையில் இருந்து வளையம் வழியாக அடுத்த கைக்கு நகர்த்துங்கள். முடியும். வளையத்துக்குள் இரண்டு இரட்டைப் பிணைப்பும், வெளியே இரண்டு பக்கமும் ஒவ்வொன்றும் உள்ள குயினாய்டு வடிவம் வரும்.

இப்போது கைகளை 1, 3 இடங்களில், அதாவது மெட்டாவில் வைத்து அதையே செய்து பாருங்கள். எத்தனை தடவை முயன்றாலும் எங்கேயோ ஒரு எலக்ட்ரான் ஜோடி இல்லாமல் தனியே நின்றுவிடும். மெட்டா வழியாகக் கான்ஜுகேஷன் தொடராது.

எங்கள் கோலத்தின் ஒவ்வொரு புள்ளியும் 1, 3, 5 பென்சீன். எந்த இரண்டு கையை எடுத்தாலும் மெட்டாதான். ஆக, இமைன் கஷ்டப்பட்டு எலக்ட்ரானைக் கொண்டுவந்து சேர்த்தாலும், புள்ளியில் வந்து நின்றுவிடும். கோலம் பார்க்க ஊர் முழுக்க நீண்டிருக்கும். எலக்ட்ரானுக்கோ ஒரு கோட்டின் நீளம்தான் உலகம்.

அப்போ நேரா கார்பன்–கார்பன் போட வேண்டியதுதானே?

நானும் இதைத்தான் கேட்டேன். பதிலில்தான் இந்தத் துறையின் உண்மையான சிக்கல் இருக்கிறது.

கோலமாவில் போடும்போது ஒரு கோடு கோணலாகப் போனால் என்ன செய்வோம்? விரலால் அழித்துவிட்டு மறுபடி போடுவோம். பெயிண்டில் போட்டால்? தப்பு அப்படியே நிற்கும். சிஓஎஃப் உருவாகும்போது கோடிக்கணக்கான மூலக்கூறுகள் கன்னாபின்னாவென்று மோதிக்கொள்கின்றன. முதல் முயற்சியில் எல்லாம் சரியான கோணத்தில் சேரும் என்று எதிர்பார்க்கவே முடியாது. தப்பாகச் சேர்ந்தவை பிரிந்து மறுபடி சேர வேண்டும். அப்படிப் பிரிய முடிகிற, அதாவது மீள் பிணைப்பாக இருந்தால்தான் ஒழுங்கான படிகம் வரும்.

போரான்–ஆக்சிஜனும் இமைனும் தண்ணீர் பட்டால் பிரியும். அதனால்தான் அவற்றில் அழகான படிகம் வருகிறது. அவை ஏன் பிரிகின்றன? இரண்டு அணுக்களுக்கும் எலக்ட்ரோநெகட்டிவிட்டி வித்தியாசம் இருப்பதால், ஒரு பக்கம் பாசிட்டிவாக இருக்கிறது. அங்கே தண்ணீர் வந்து தாக்குகிறது. எந்த வித்தியாசம் எலக்ட்ரானை நிறுத்துகிறதோ, அதே வித்தியாசம்தான் படிகத்தைக் கட்டவும் உதவுகிறது. கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு எலக்ட்ரானுக்கு நல்ல ரோடு. ஆனால் போட்டால் போட்டதுதான், பெயிண்ட் கோலம்.

எங்கள் ஸ்லைடில் இல்லாதது இந்த ஒரு வரிதான்: ஒழுங்கைத் தரும் குணமும், எலக்ட்ரானைத் தடுக்கும் குணமும் ஒரே பிணைப்பில் சேர்ந்தே வருகின்றன.

இதைத் தாண்ட ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த வழிகள் அருமையானவை.

ஒன்று, முதலில் மாவு, பிறகு பெயிண்ட். 2012-ல் புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் ராகுல் பானர்ஜியின் குழு செய்தது இது. ஆல்டிஹைடுக்குப் பக்கத்திலேயே ஹைட்ராக்சில் இருக்கும் மூலக்கூறை எடுத்தார்கள். முதலில் மீள் இமைன் உருவாகிப் படிகம் அமைகிறது. உடனே ஹைட்ரஜன் இடம் மாறி, கீட்டோ-ஈனமீன் என்ற திரும்பாத வடிவமாகப் பூட்டிக்கொள்கிறது. டிபிபிஏ-1 என்ற அந்தப் பொருள் கொதிக்கும் தண்ணீரையும் 9 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தாங்கியது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. பூட்டும்போது நடு வளையம் தன் பென்சீன் தன்மையை இழக்கிறது. உறுதிக்கு நல்லது. கான்ஜுகேஷனுக்கு அவ்வளவு இல்லை.

இரண்டு, படிகம் முடிந்த பிறகு பிணைப்பையே மாற்றுவது. 2018-ல் வெளிவந்த வேலைகளில் ஒன்று இமைனை குயினோலின் வளையமாகவும், இன்னொன்று கந்தகம் சேர்த்து தயசோல் வளையமாகவும் மாற்றியது. கோலம் அதே. கோடு மட்டும் மாறுகிறது. திருகி நிற்கும் இமைன், தட்டையான வளையத்துக்குள் அடைபட்டுவிடுகிறது.

மூன்று, நேரடியாகவே கார்பன்–கார்பன். 2017-ல் டோங்லின் ஜியாங்கின் குழு, பைரீன் மூலக்கூறைப் புள்ளியாகவும், நைட்ரைல் தொங்கும் ஒரு குச்சியைக் கோடாகவும் வைத்து, நோவெனாகல் வினையால் முழுக்க எஸ்பி2 கார்பனால் ஆன சிஓஎஃப்பைப் படிகமாகவே எடுத்தது. பக்கத்தில் நைட்ரைல் இருந்தால், அந்த வினை உருவாகும் சமயத்தில் ஓரளவுக்குத் திரும்பிப்போகும். பெயிண்ட் காய்வதற்குள் துடைத்துவிடும் கதை.

ரோடு இருந்தா போதாது, வண்டியும் வேணும்

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு இடத்தில் நான் குழம்பினேன். 2011-ல் யாகியின் குழு வெளியிட்ட சிஓஎஃப்-366 என்ற பொருளும் இமைன்தான். அதில் ஹோல் மொபிலிட்டி 8.1 என்று போட்டிருக்கிறார்கள், அலகு சதுர சென்டிமீட்டர் / வோல்ட் விநாடி. ஆர்கானிக் பொருளுக்கு அது பெரிய எண். அதுவும் இமைன், எங்களுடையதும் இமைன். அங்கே 8.1, இங்கே ஓஎல். எப்படி?

விடை நம்ம எலக்ட்ரானிக்ஸ் முதல் பாடத்திலேயே இருக்கிறது. கண்டக்டிவிட்டி = கேரியர் எண்ணிக்கை × சார்ஜ் × மொபிலிட்டி. மொபிலிட்டி என்பது ரோடு எவ்வளவு நல்லது என்பது. ரோட்டில் வண்டியே இல்லை என்றால் கண்டக்டிவிட்டி பூஜ்யம்தான். அந்த அளவீட்டில் லேசர் பளிச்சென்று அடித்துக் கேரியர்களை உருவாக்கி, அவை மிகச் சின்ன தூரத்தில் எப்படி அசைகின்றன என்று மைக்ரோவேவால் பார்க்கிறார்கள். அங்கே புள்ளியில் இருப்பதும் மெட்டா பென்சீன் இல்லை, போர்ஃபிரின். அடுக்குக்கு அடுக்கு தாவவும் அது வசதி. எங்கள் பெல்லட்டிலோ, இருட்டில், லட்சக்கணக்கான துகள்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் வரை கரண்ட் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு கேள்வி.

நல்ல ரோடு உள்ள அந்த எஸ்பி2 கார்பன் சிஓஎஃப்பே தனியாக இருக்கும்போது இன்சுலேட்டர்தான். அதை ஐயோடின் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்தபோது கண்டக்டிவிட்டி 12 ஆர்டர் ஏறியது. பத்தின் அடுக்கு 12, அதாவது லட்சம் கோடி மடங்கு. ஐயோடின் சில எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொண்டு ஹோல்களை விட்டுச் செல்கிறது. வண்டி வந்துவிட்டது, ரோடும் தயாராக இருந்தது. 1977-ல் பாலிஅசெட்டிலீனில் செய்ததும் இதே ஐயோடின் வைத்தியம்தான். அதற்கு 2000-ல் நோபல் கிடைத்தது. சிஓஎஃப்பில் கூடுதல் வசதி, துளை. ஐயோடின் மேற்பரப்பில் நிற்காமல் குழாய் வழியாக உள்ளே போய்விடும். (அப்படியும் செம்புக் கம்பிக்குப் பக்கத்தில்கூட வராது. அந்த ஆசை வேண்டாம்.)

இப்போது எங்கள் ஓஎல்லைக் கணக்காகவே பார்க்கலாம். எங்கள் மீட்டர் 40 மெகா ஓம் வரைதான் காட்டும். பெல்லட் தடிமன் 1 மில்லிமீட்டர், பரப்பு 1.33 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் கண்டக்டிவிட்டி 2 × 10⁻⁷ சீமன்ஸ் / மீட்டருக்கும் கீழே. 'மீட்டர் சரியில்ல' என்று எழுதுவதற்குப் பதில் இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அதுவே ஒரு முடிவாக இருந்திருக்கும்.

கரண்ட் போகாததும் ஒரு குணம்தான்

இந்தத் தடை வேலையில் எங்கே உறைக்கிறது? 2013-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ராகுயினோன் சேர்த்த ஒரு கீட்டோ-ஈனமீன் சிஓஎஃப் செய்து, சூப்பர் கெபாசிட்டருக்கு முயன்றார்கள். ஒவ்வொரு ஆந்த்ராகுயினோனும் எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும். ஆனால் எலக்ட்ரோடில் இருந்து தூரத்தில் உள்ளவற்றுக்கு எலக்ட்ரான் போய்ச் சேரவே வழியில்லை. தடிமன் கூடக் கூட உள்ளே இருப்பது வீண். 2016-ல் துளைகளுக்குள்ளேயே பெடாட் என்ற கடத்தும் பாலிமரை வளர்த்துத்தான் அதைத் தீர்த்தார்கள். சுவர் கடத்தாவிட்டால் துளைக்குள் வயரிங் செய்துகொள்வது.

மறுபக்கமும் உண்டு. எலக்ட்ரானுக்குச் சுவர் என்று நாம் திட்டிய போரான்–ஆக்சிஜன் பிணைப்பு இருக்கிறதே, அதே சிஓஎஃப்-5-ஐ 2021-ல் மெல்லிய படலமாக வளர்த்துப் பார்த்தபோது அதன் டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட் 1.6 என்று வந்தது. சிலிக்கான் டையாக்சைடுக்கு 3.9. சிப்புக்குள் ஒரு வயரின் சிக்னல் பக்கத்து வயரைத் தொந்தரவு செய்யாமல் இருக்க, இந்த எண் குறைவாக இருக்க வேண்டும். எலக்ட்ரான் நகராத பிணைப்பும் நிறைய காலி இடமும் சேர்ந்தால் அதுவே அங்கே சரியான பொருள். எங்களுக்குத் தோல்வியாகத் தெரிந்தது இன்னொருவருக்குத் தேவை.

கடைசியா

இந்தத் துறையில் ப்ராஜெக்ட் எடுக்கப்போகும் ஜூனியர்களுக்கு, நாங்கள் ஸ்லைடு போடும் முன்பு கேட்டிருக்க வேண்டிய நான்கு கேள்விகள்:

பிணைப்பில் உள்ள இரண்டு அணுக்களின் எலக்ட்ரோநெகட்டிவிட்டி வித்தியாசம் எவ்வளவு?

வளையங்கள் தட்டையாக இருக்கின்றனவா, திரும்பி நிற்கின்றனவா?

புள்ளியில் கைகள் மெட்டாவிலா, பாராவிலா?

கேரியர் எங்கிருந்து வரும்? டோப்பிங்கா, வெளிச்சமா, அல்லது எதுவுமே இல்லையா?

நான்குக்கும் பதில் எழுதிவிட்டு அதன் பிறகு 'எனவே' என்று எழுதுங்கள். எங்கள் பெல்லட்டுக்கு நான்கிலும் மார்க் குறைவு. இரண்டாம் ரிவ்யூவில் பழைய வரியை எடுத்துவிட்டு, இந்த நான்கு பதில்களையும் அந்த 2 × 10⁻⁷ கணக்கையும் போட்டோம். எக்ஸ்டர்னல் வந்த சார் அந்த ஸ்லைடில்தான் ரொம்ப நேரம் நின்றார்.

வீட்டில் செய்து பார்க்க ஒன்று. பேப்பரில் பென்சிலால் நன்றாக அழுத்தி ஒரு தடித்த கோடு போட்டு, இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். ரீடிங் வரும். கிராஃபைட்டும் எங்கள் தூள் மாதிரியே அடுக்கடுக்கான அறுகோண வலைதான். அதில் அடுக்குகளுக்கு இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம், எங்களுடையதில் 3.7. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பென்சில் கோட்டில் எல்லாப் பிணைப்பும் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவில்.